படத்துக்குக் கீழே எழுதும் வரிகள்: இணையத்தில் விற்பவர்களும் வாங்குபவர்களும் சந்தித்தவை

மதுரை, சுங்குடிச் சேலை விற்பனை

சேலைப் படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகள்தான். படம் போட்ட சிறிது நேரத்தில் ஒருவர் நீளம் கேட்பார். இன்னொருவர் ரவிக்கைத் துணி சேர்ந்ததா என்பார். மூன்றாமவர் சாயம் போகுமா என்பார். அவருக்கு நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே முதலில் கேட்டவர் வேறு கடைக்குப் போயிருப்பார். அப்போது எங்களுக்குக் கேப்ஷன் எழுதித் தந்தவர், "பாரம்பரியமும் நேர்த்தியும் கைகோக்கும் எழில்மிகு சேலை, இன்றே முந்துங்கள்" என்ற பாணியில் எழுதிவந்தார். அந்த வரியை வளையலுக்கும் போடலாம், சோபா உறைக்கும் போடலாம்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கையால் முடிச்சிட்ட சுங்குடி ஒன்றை வாங்கினார். பார்சல் கைக்குக் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்து, "புள்ளி எல்லாம் ஒன்றுபோல இல்லை, துணியும் சுருங்கிக் கிடக்கிறது, யாரோ கட்டிய சேலையை அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டார். மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்றாலும், சௌராஷ்டிரக் குடும்பங்கள் கையால் நூல் சுற்றி முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சேலையும், மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ புள்ளி வைத்த சேலையும் சந்தையில் ஒரே பெயரில்தான் விற்கின்றன. அச்சுப் புள்ளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கைமுடிச்சுப் புள்ளி குறையாகத் தெரிவதில் வியப்பில்லை. விளக்கம் சொன்னதும் அந்த அம்மா சேலையை வைத்துக்கொண்டார், "இதை அங்கேயே எழுதினால் என்ன?" என்றும் கேட்டார். அதன் பிறகு எழுதியது இது:

"கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சுங்குடி. புள்ளிகள் ஒன்றுபோல இரா. முடிச்சு இருந்த இடங்களில் துணி சற்றுச் சுருங்கியிருக்கும். இஸ்திரி போட்டால் படியும். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. நேரில் அரக்கு இன்னும் கொஞ்சம் கருமையாக இருக்கும். நீளம் 5.5 மீட்டர். ரவிக்கைத் துணி இல்லை. முதல் இரண்டு சலவை தனியாக, நிழலில் உலர்த்தவும்."

இதற்குக் கீழே விலையும் அனுப்பும் செலவும். "ரவிக்கைத் துணி இல்லை" என்று வெளிப்படையாகச் சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று வீட்டில் பயந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்த வரியால் ஒரு விற்பனையும் நின்றதில்லை. அதைப் பற்றிய சண்டைகள்தாம் நின்றன. மற்றவர்களுக்கு எப்படி என்று எழுதுங்கள்.


தூத்துக்குடி மாவட்டம், கருப்பட்டியும் சிறுதானிய மாவும்

உணவுப் பொருள் விற்பவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் மாவுக்கு "சர்க்கரை நோயை விரட்டும்" என்று எழுதித் தருமாறு மொத்தமாக வாங்கி விற்கும் ஒருவர் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். அந்த வாரத்தில், உணவுப் பாதுகாப்புத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் கருப்பட்டி வாங்க நேரில் வந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை நோயைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாயத் தீர்வுகள் தடைச் சட்டம் தடுக்கிறது என்றும், உணவுப் பொருளுக்குப் பொய்யான அல்லது திசைதிருப்பும் விளம்பரம் கொடுத்தால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றும் விளக்கினார். "இன்ஸ்டாகிராமில் நாலு வரிதானே எழுதுகிறோம், அதுவும் விளம்பரமா?" என்று கேட்டேன். "விற்பதற்காக எழுதினால் சுவரில் எழுதினாலும் விளம்பரம்தான் தம்பி" என்றார்.

மருத்துவத்தை விட்டுவிட்டால் கருப்பட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது. உண்மையில் நிறைய இருக்கிறது. எந்தப் பருவத்துப் பதநீரில் காய்ச்சியது, சிரட்டையில் ஊற்றியதா வேறு அச்சில் ஊற்றியதா, உடைத்தால் உள்ளே என்ன நிறம், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ எத்தனை வட்டு நிற்கும், மண்ணும் தூசும் இருக்கக்கூடும் என்பதால் கரைத்து வடிகட்ட வேண்டுமா, இவையெல்லாம் வாங்குபவர் உண்மையிலேயே கேட்பவை. மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும். ஐப்பசியில் வாங்கியவர்கள் "உருகிப்போன சரக்கை அனுப்பினீர்கள்" என்று படம் எடுத்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. "மழை நாளில் கசியும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும்" என்ற வரியைப் புரட்டாசியிலேயே சேர்த்துவிடுகிறோம். 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் நிகர எடையையும் கடைசி வரியில் போடுகிறோம். பத்தில் ஒருவர்கூட அதைப் படிக்கிறாரா என்பது சந்தேகம்தான், ஆனால் படிக்கிற அந்த ஒருவர் கேள்வி கேட்காமல் பணம் அனுப்புகிறார்.


சென்னை, வாங்குபவர்

விற்பவர்கள் நடுவில் வாங்குபவனாக ஒரு முறையீடு. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்ற வரியைக் கண்டாலே நான் நகர்ந்துவிடுகிறேன். ஒருமுறை ஒரு பித்தளை விளக்குக்காக அப்படி உள்ளே போய் விலை கேட்டேன். பதில் வருவதற்கு முன் என் முகப்புப் பக்கத்தை (புரொஃபைல்) யாரோ திறந்து பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதே விளக்குக்கு என் மைத்துனருக்குச் சொன்ன விலை வேறு. பேரம் பேசுவது தவறில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வதுதான் உறுத்துகிறது. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020இல் வந்தபோதே, விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகவும் அதன் பிரிவுகளோடும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விலையை மறைப்பதால் உரையாடல் பெருகும், அதனால் பதிவு நிறையப் பேருக்குப் போகும் என்று விற்பவர்கள் கணக்குப் போடுவது எனக்குத் தெரியும். போகலாம், என்னைப் போன்றவர்களும் சேர்ந்தே போய்விடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கல்லூரி நண்பர் ஒருவருக்குப் பார்வை இல்லை. கைபேசி திரையைப் படித்துச் சொல்லக் கேட்டுத்தான் அவர் பொருள் வாங்குகிறார். மனைவிக்குப் புடவை தேடிய ஒரு மாலையில் அவர் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் படக்குறி (எமோஜி) வைத்திருந்த ஒரு கேப்ஷனை அந்தக் குரல், "சிவப்பு இதயம், சிவப்பு இதயம், நெருப்பு, நெருப்பு, மின்னும் நட்சத்திரங்கள்" என்று வாசித்துக்கொண்டே போனது; சேலை என்ற சொல் வருவதற்குள் அவர் அடுத்த பதிவுக்குத் தள்ளிவிட்டார். அடுத்த கடை நிறத்தையும் கரையின் அகலத்தையும் முந்தானையில் என்ன இருக்கிறது என்பதையும் வெறும் சொற்களில் எழுதியிருந்தது. அங்கேதான் வாங்கினார். படத்துக்கு மாற்று விவரம் எழுத இன்ஸ்டாகிராமில் தனி இடமே இருக்கிறது. அதை நிரப்பும் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.


திருப்பூர், கடைகளுக்குக் கேப்ஷன் எழுதிக்கொடுப்பவர்

பனியன் கடைகளுக்கு எழுதுகிறேன். டி-ஷர்ட்டில் சேலையைப் போலக் கதை கிடையாது, அளவுதான் எல்லாம். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), பயோ வாஷ் (நொதி கொண்டு துணியை மென்மையாக்கும் சலவை), ரவுண்ட் நெக் என்று எழுதினால் மொத்த வியாபாரிக்குப் புரியும். ஓசூரில் இருந்து மகனுக்கு வாங்கும் தாய்க்குப் புரியாது. அதனால் "180 ஜிஎஸ்எம்: உள்ளே போட்டிருப்பது வெளியே தெரியாத கனம், வெயிலுக்கும் தாங்கும்" என்று இரண்டையும் சேர்த்து எழுதுவேன். எம், எல் என்ற எழுத்துகளை மட்டும் நம்பி எந்தக் கடையும் பிழைத்ததில்லை, ஒரு கடையின் எல் இன்னொரு கடையின் எம். "தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்தால் 20 அங்குலம்; உங்களிடம் இருக்கும் சட்டையை இப்படி அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்" என்ற வரியை ஒரு கடைக்கு எழுதிக்கொடுத்தேன். அதன் பிறகு "எனக்கு எந்த அளவு சரியாக இருக்கும்?" என்ற கேள்வி குறைந்து, "20 இருக்கிறதா, 21 இருக்கிறதா?" என்ற கேள்வி வரத் தொடங்கியது. கடைக்காரருக்கு அதுவே பெரிய நிம்மதி.

தொழில்நுட்பமாக ஒன்றிரண்டு. இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 எழுத்துகள் வரை இடம் தந்தாலும், விரலால் தொடாத வரை முதல் ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் அந்த இடம் வணக்கத்திலேயே தீர்ந்துவிடும். முதல் வரியில் பொருளின் பெயர், எதனால் ஆனது, விலை. கேப்ஷனுக்குள் ஒட்டும் இணைப்பு அங்கே சொடுக்கினால் திறக்காது. ஆயினும் நீண்ட இணைய முகவரியை முழுதாக ஒட்டிவிட்டு யாரும் வரவில்லையே என்று வருந்தும் கடைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். அதை முகப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேப்ஷனில் அப்படிச் சொன்னால் போதும். தமிழில் எழுதினாலும் "காட்டன் சாரி", "டி-ஷர்ட்" போன்ற சொற்களை ஓரிடத்தில் ஆங்கில எழுத்திலும் போட்டுவிடுங்கள். தேடுகிறவர்களில் பலர் அப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் துணியை அது தொட்டுப் பார்த்ததில்லை. விவரத்தை நீங்கள் கொடுக்காவிட்டால் அது மீண்டும் பாரம்பரியத்தையும் நேர்த்தியையும் கைகோக்க வைக்கும்.


ஈரோடு, பவானி ஜமுக்காளம்

மேலே எழுதியவர்கள் எல்லாம் விவரம், விவரம் என்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தடித்த பருத்தி நூல், குழித்தறி, நீளம், அகலம் என்று மட்டும் எழுதினால் அது ரசீது போல இருக்கும். அகலமான ஜமுக்காளத்தை இரண்டு நெசவாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை (ஊடுநூல் தாங்கிய கட்டை) ஒருவர் தள்ள மற்றவர் வாங்கி நெய்கிறார்கள் என்பதை எழுதியபோதுதான், "இதன் விலை ஏன் இவ்வளவு?" என்று கேட்பவர்களின் குரல் மாறியது. அதுவும் விவரம்தான் என்று மதுரைச் சேலைக்காரர் சொல்லக்கூடும், சரி, வைத்துக்கொள்வோம்.

ஆனால் கதை எழுதுவதில் ஒரு வரம்பு இருக்கிறது என்பதை எங்கள் ஊரில் கண்டேன். எங்களுக்கு நெய்து தரும் பெரியவரிடம் ஓர் இணையக் கடையினரும் சரக்கெடுத்தார்கள். அவர் தறியில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு, "வறுமையில் வாடும் இந்த முதியவரின் அடுப்பு எரிய ஒரு ஜமுக்காளம் வாங்குங்கள்" என்று எழுதிவிட்டார்கள். நன்றாக விற்றதாம். பெரியவரின் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். உடன் பணிபுரிபவர் ஒருவர் பரிதாபப்பட்டு அந்தப் பதிவை அவருக்கே அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் அப்பாவிடம் வந்து அழுதார். பெரியவர் அழவில்லை. "எனக்குக் கூலி குறைவு என்று சொல்லட்டும், அது உண்மை, சோறு இல்லை என்று எவன் சொன்னான்?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கடைக்கு நெய்வதை நிறுத்திக்கொண்டார். பதிவை எடுத்துவிட்டார்கள், சரக்கு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நெசவாளரைப் பற்றி எழுதும் எந்த வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே போடுகிறேன். பெரியவர் திருத்தமும் சொல்வார். "கைவண்ணம்" என்று நான் எழுதியிருந்ததை எடுக்கச் சொல்லிவிட்டு, ஓரம் பிரியாமல் இருக்க அவர் முடிச்சுப் போடும் விதத்தை எழுதச் சொன்னார். அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, ஓரத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டவர்கள் பலர்.


கும்பகோணம், புதிதாகச் சேர்ந்தவர்

வத்தலும் வடகமும் போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறேன். அண்ணன்மார்களும் அக்காமார்களும் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்: "பாட்டியின் கைப்பக்குவத்தில் வெங்காய வடகம்! ஒருமுறை சுவைத்தால் மறக்க மாட்டீர்கள்! விலைக்கு இன்பாக்ஸ் வரவும்!"


தூத்துக்குடி மாவட்டம், கருப்பட்டியும் சிறுதானிய மாவும்

தங்கைக்கு: பாட்டி இருக்கட்டும், பின்னால் போகட்டும், நாங்கள் எல்லோரும் அவரை ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டோம். சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா, தாளிக்கும் வடகமா பொரிக்கும் வடகமா என்பது முதல் வரி. எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, உப்பு தூக்கலா மட்டா, பூண்டு சேர்ந்ததா (பூண்டு சாப்பிடாதவர்கள் கேட்பார்கள்), 250 கிராம் பையில் ஏறத்தாழ எத்தனை உருண்டை, எந்த மாதம் போட்டது, எத்தனை மாதம் வரும் என்பவை அடுத்து. விலையைச் சென்னைக்காரர் சொன்னபடி அங்கேயே போட்டுவிடுங்கள். பொரிக்கும்போது எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். கருகிப்போனால் வடகத்தைத்தான் குறை சொல்வார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிட்டு, அதற்குப் பிறகு படம் போடுங்கள்.