57 வயதில் ஃபேஸ்லிஃப்ட்: நாள் குறிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மணல்மேடு (கேள்வி):
ஆண், வயது 57. தாடையோரம் சதை தொங்குகிறது, கழுத்துத் தோலும் தளர்ந்துவிட்டது. பிரஷருக்கு மாத்திரை உண்டு, தினம் நாலைந்து சிகரெட்டும் உண்டு. ஒரு கிளினிக்கில் ஃபேஸ்லிஃப்ட், அதாவது தளர்ந்த முகத்தை இழுத்துத் தைக்கும் அறுவை என்கிறார்கள், இன்னொன்றில் தோலுக்கடியில் நூல் போட்டு இழுத்தாலே போதும் என்கிறார்கள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

வேப்பம்பூ:
ஃபேஸ்லிஃப்ட் சரிசெய்வது முகத்தின் கீழ்ப்பகுதியையும் கழுத்தையும் மட்டும்தான் சார். நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே பை, உதட்டுக்கு மேல் மெல்லிய கோடுகள் எல்லாம் அப்படியே இருக்கும். மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு குறையும், மறையாது. உங்கள் குறை தாடையும் கழுத்தும் என்பதால் பொருத்தமான ஆள்தான்.

எந்த அடுக்கை இழுக்கப்போகிறார் என்று கேளுங்கள். தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் ஸ்மாஸ் என்ற உறுதியான படலம் இருக்கிறது. இழுப்பின் பளுவை அது தாங்க வேண்டும். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் கொஞ்ச நாளில் மறுபடி தளரும், தழும்பும் அகலமாகும். ஸ்மாஸைத் தூக்கினால் ஏழெட்டு வருடம், சிலருக்குப் பத்து வருடமும் நிற்கும். நூல் சிகிச்சையில் மிஞ்சிய தோலை வெட்டி எடுப்பதே இல்லை. உங்கள் கழுத்துக்கு அது வீண் செலவு.

எண்ணெய்விளக்கு:
எனக்குக் கவலை சிகரெட்டும் பிரஷரும்தான்.

தோலைப் பிரித்துத் தூக்கிய பிறகு, காதுக்குப் பின்னால் இருக்கும் ஓரத்துக்கு மிக மெல்லிய நாளங்கள் வழியாகத்தான் ரத்தம் போக வேண்டும். நிக்கோடின் அவற்றைச் சுருக்கிவிடும், அந்த ஓரம் கறுத்துச் செத்துப்போகும். முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம், ஒன்றுகூடக் கூடாது. நிக்கோடின் சூயிங்கமும் ஒட்டும் பட்டையும் இதில் சேர்த்திதான்.

அதிகம் நேரும் சிக்கல், தோலுக்கடியில் ரத்தம் தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே. தாடி வளரும் தோலில் ரத்த ஓட்டம் கூடுதல் என்பதால் ஆண்களுக்கு வாய்ப்பு அதிகம். பிரஷர் ஏறினாலோ, வாந்தி, இருமல் வந்தாலோ இன்னும் அதிகம். ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலி கூடினால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. தேங்கியதை எடுக்காவிட்டால் மேல் தோல் போய்விடும். அன்றிரவு கூப்பிட்டால் யார் வருவார் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள்.

ஆஸ்பிரின், புரூஃபன், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்தவர் மட்டும் இதய டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது. அறுவை அன்று காலை பிரஷர் மாத்திரை போடலாமா என்பது மருந்தைப் பொறுத்தது, மயக்க மருந்து டாக்டர் சொல்வார்.

மணல்மேடு:
ஸ்டென்ட் இல்லை. தழும்பு வெளியே தெரியுமா? தாடி என்ன ஆகும்?

கல்தச்சன்:
கீறல் கிருதா பக்கம் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றிப் பின்னால் முடிக்குள் போகும். காது துவாரத்துக்கு முன் ஒரு சிறு குமிழ் இருக்கிறதே, பெண்களுக்கு அதன் உள்பக்கம் மறைப்பார்கள். ஆணுக்கு அப்படிச் செய்தால் குமிழின் மேலேயே தாடி முளைக்கும். முன்பக்க மடிப்பில் வைப்பாரா என்று கேளுங்கள். எப்படி வைத்தாலும் தாடி காதை நெருங்கி வரும், காதுக்குப் பின்னாலும் சவரம் தேவைப்படலாம். காது மடல் சில மாதம் மரத்திருக்கும். பிளேடு பட்டாலும் தெரியாது, அதுவரை மின்சார ஷேவர் நல்லது.

பழைய காயத் தழும்பு ஏதாவது தடித்துப் புடைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், இந்தத் தழும்பும் அப்படி ஆகலாம். முக நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது அரிதுதான், ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி.

டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஆர்.என்.பி. என்ற உயர்பட்டம் முடித்தவரா என்று மாநில மருத்துவக் கவுன்சில் பதிவில் பாருங்கள். சுவரில் தொங்கும் குறுகிய காலச் சான்றிதழ் கணக்கில் வராது. அழகுக்கான அறுவைக்குக் காப்பீடு கிடையாது, ஜிஎஸ்டி விலக்கும் இல்லை. ரத்தம் தேங்கி மறுபடி தியேட்டருக்குப் போனால் செலவு யாருடையது என்பதை எழுதி வாங்குங்கள்.

கன்றிய நிறம் மறைய இரண்டு மூன்று வாரம் ஆகும், வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்காகும். வீட்டில் கல்யாணம் இருந்தால் இரண்டு மாதமாவது இடைவெளி விட்டு நாள் வாங்குங்கள்.