அப்புச்சி வெட்டிக் காட்டிய இரண்டு வாய்க்கால்கள்

காலாண்டு விடுமுறைக்கெல்லாம் எனக்கு ஈரோட்டுப் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊர்தான். அவருடைய மஞ்சள் வயல் காலிங்கராயன் வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவே இருந்தது. ஒருநாள் அவர் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "இந்த வாய்க்கால் எதுக்கு அப்புச்சி இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது? நேரா வெட்டியிருக்கலாமே?"

பதில் சொல்லாமல் கரைச் சரிவில் மண்வெட்டியால் சிறிதாக இரண்டு கோடு இழுத்தார். ஒன்று நேராகக் கீழே இறங்கியது, மற்றது சரிவுக்குக் குறுக்கே மேட்டை ஒட்டியே போனது. இரண்டிலும் தண்ணீரைத் திறந்துவிட்டார். நேர்க்கோட்டில் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடி, கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டது. மற்றதில் ஒரு வேப்பிலை சுற்றிச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. "மேட்டை விடாமப் புடிச்சுப் போனாத்தான் கண்ணு, கீழ இருக்கிற வயலுக்கெல்லாம் பாயும்" என்றார்.

1283-இல் வெட்டி முடித்த வாய்க்கால் அது. பவானி ஆறு காவிரியில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் அணைக்கட்டு. அங்கே பிரியும் தண்ணீர் சுமார் 90 கிலோமீட்டர் நெளிந்து போய், கொடுமுடிப் பக்கம் நொய்யலில் சேர்கிறது. வழியில் 15,000 ஏக்கருக்கு மேல் பாசனம். பாம்பு ஒன்று வழிகாட்டியதாக ஊரில் கதை சொல்வார்கள். எனக்கென்னவோ, தண்ணீர் போகும் போக்கை வருடக்கணக்கில் பின்னாலேயே நடந்து பார்த்தவர்களின் வேலை என்றுதான் தோன்றும். வெட்டிய காலிங்கராயன், தன் சந்ததி இந்தத் தண்ணீரைத் தொடாது என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே போனார் என்பார்கள். அதைச் சொல்லும்போது அப்புச்சி தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அதே மடையில் சாயம் கலந்து நுரையோடு தண்ணீர் வந்தது. அப்புச்சி அதில் கால்கூடக் கழுவவில்லை. அப்புறம் கழிவைப் பிரித்துக் கொண்டுபோக, பக்கத்திலேயே பேபி வாய்க்கால் என்று ஒன்றை வெட்டினார்கள். எழுநூறு வருடம் கெடாமல் வந்ததை நம் தலைமுறையில் கெடுத்தோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொருவரின் பகிர்வு:

உங்கள் அப்புச்சிக்கு என் வணக்கம். எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம், பவானி ஆற்றின் கொடிவேரி அணையில் பிரியும் தடப்பள்ளி வாய்க்கால். எங்கள் தோட்டத்துக்கு நேரடிப் பாசனம் கிடையாது. ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள் என்று கேள்விப்பட்டால் வீடே கலகலப்பாகிவிடும். சில நாளில் கிணற்றில் ஊற்று பிடிக்கும். அம்மா தினமும் காலையில் போய் எட்டிப் பார்த்து, வெளியே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிவிட்டு வருவார். ஏழுக்குக் கீழே வந்துவிட்டால் அன்றைக்கே அப்பாவிடம் "நாத்து விட்டுரலாங்க" என்பார்.