ஹோல்டர் மாட்டிய ஒரு நாள்: உங்களுக்கு எப்படி இருந்தது?

வண்ணார்பேட்டைக்காரன்:
மூன்று மாதமாகப் படபடப்பு வருவதும் போவதுமாக இருந்தது. ஈசிஜி எடுக்கப் போனால் சாதுவாகிவிடும். பத்து நொடிக் காகிதத்தில் எப்போதோ வருவது எப்படிச் சிக்கும்? சரி என்று நெஞ்சுத் துடிப்பை 24 மணி நேரமும் பதிவு செய்யும் ஹோல்டர் பெட்டியை மாட்டினார்கள், அதுவும் அக்னி நட்சத்திரத்தில். நெஞ்சு முடியை மழித்து, ஸ்பிரிட் வைத்துத் தேய்த்து, ஏழு ஸ்டிக்கர். அரிப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, மாட்டியவர்களுக்குத் தெரியும்.

இரவு ஒரு மணிக்குக் கரண்ட் போனது. தார்சாவில் பாயை விரித்துப் படுத்தேன். வீட்டுக்காரி பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். வியர்வையில் இரண்டு ஸ்டிக்கர் கிளம்பிவிட்டன. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடியே மல்லாக்கக் கிடந்தேன். மூன்றேகால் இருக்கும், வந்தது. அதே படபடப்பு. நம்பமாட்டீர்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். 'வசமா மாட்டினியா' என்று நினைத்துக்கொண்டேன். கையை எடுக்க முடியாததால் வீட்டுக்காரிதான் பொத்தானை அமுக்கினாள், செல்போன் வெளிச்சத்தில் டைரியில் 3.17 என்று எழுதினாள்.

ரிப்போர்ட்டில் ஒன்றரையிலிருந்து நாலரை வரை வெறும் கிறுக்கல். படிக்க முடியவில்லையாம். மறுபடி மாட்ட வேண்டுமாம். மற்ற நேரமெல்லாம் துல்லியமாக விழுந்திருக்கிறது, நான் புரோட்டா தின்ற நேரம் உட்பட.

முக்கூடல் பீடித்தட்டு:
அண்ணாச்சி, உங்களுக்காவது பிடிக்க ஒன்று வந்தது. எனக்கு அதுவும் இல்லை. நான் பீடி சுற்றுகிறவள். தட்டை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் சாயங்காலம் நாலு மணி வாக்கில் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடிக்கும். மாட்டிய நர்ஸ் "வழக்கமா செய்யுற வேலையைச் செய்யுங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் மாமியார் தட்டைத் தொட விடவில்லை. மைனி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். வளவே கூடி என்னைப் படுக்க வைத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து பகலில் நான் அப்படிப் படுத்தது கிடையாது. சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ரிப்போர்ட் நார்மல். சும்மா படுத்திருந்த நெஞ்சைப் பதிவு செய்து கொடுத்தால் நார்மல்தானே வரும்? கழற்றிக் கொடுத்த மறுநாள் தட்டை எடுத்தேன், நாலு மணிக்கு வந்துவிட்டது. இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது, "அன்னைக்கு ஏம்மா படுத்தே" என்று கேட்பாரோ என்று இன்னும் போகாமல் இருக்கிறேன்.

தென்காசிச் சாரல்:
வண்ணார்பேட்டை அண்ணாச்சி, தப்பு உங்கள் பேரில். ஏசி போட்டுப் படுத்திருந்தால் ஸ்டிக்கர் ஏன் கிளம்பப்போகிறது? எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டப் போகிற அன்று காலையில் நன்றாகக் குளித்துவிட வேண்டும், அப்புறம் கழற்றும் வரை குளியல் கிடையாது. நெஞ்சில் தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொளச் சட்டை போடுங்கள், பனியன் வேண்டாம். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். காந்தம் பக்கம் போகாதீர்கள். மெடிக்கலில் பேப்பர் டேப் கிடைக்கும், ஓரம் கிளம்பினால் மேலே ஒட்டுங்கள். அரித்தால் ஸ்டிக்கரைச் சுற்றித் தட்டுங்கள், சொறியாதீர்கள். மாடி ஏறினால், சண்டை போட்டால், மாத்திரை போட்டால் எல்லாவற்றையும் மணியோடு டைரியில் எழுதுங்கள். அப்புறம் இன்னொன்று, பலர் நினைப்பதுபோல் பிடித்து வைத்துக்கொள்வதால் அதற்கு ஹோல்டர் என்று பெயர் வரவில்லை. நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. அவருடைய முதல் கருவியை முதுகில்தான் சுமக்க வேண்டும், ஏறக்குறைய 38 கிலோ. நாம் தீப்பெட்டி அளவில் ஒன்றை மாட்டிக்கொண்டு அழுகிறோம்.

என் அனுபவம்: சீசன் சமயத்தில் மாட்டினார்கள். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தது. குளிக்கப் போக முடியவில்லை.

வண்ணார்பேட்டைக்காரன்:
கரண்ட் இல்லை என்று எழுதியிருக்கிறேனே ஐயா. ஏசியை விசிறியால் ஓட்டவா?

கல்லிடைக்குறிச்சி:
எனக்கு இல்லை, அம்மாவுக்கு. பெட்டியைக் கழுத்துப் பையில் போட்டு, சேலைக்குள் விட்டு அனுப்பினார்கள். இரவு பட்டாசலில் படுக்கும்போது அம்மா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து, "டாக்டரய்யா, நான் தூங்கப் போறேன். நீங்களும் ரொம்ப நேரம் முழிக்காதீங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதாக நினைத்திருக்கிறாள்.

அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்புக்குப் பக்கம் வரும், அவ்வளவையும் பெட்டி உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், கழற்றிக் கொடுத்த பிறகுதான் ஒருவர் எடுத்துப் பார்ப்பார். ராத்திரி நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் பெட்டி யாரையும் கூப்பிடாது, 108-ஐ நாம்தான் கூப்பிட வேண்டும். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அப்பா போன பிறகு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தவள், அன்று விடிய ஆறு மணி வரை அசையாமல் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பட்டாசலில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் உட்கார்ந்திருக்கிறாள். நெஞ்சில் ஸ்டிக்கர் இருந்த இடம் வட்டவட்டமாகச் சிவந்திருந்தது, அதைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "இப்ப யாருடே பாக்கா?"

தென்காசிச் சாரல்:
சிவந்த இடத்தில் மஞ்சள் கிஞ்சள் பூசிவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கம் வராததற்கு, சாயங்காலத்துக்கு மேல் காப்பி கொடுக்காமல்

முக்கூடல் பீடித்தட்டு:
அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க.