கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்: ஜப்பானியப் பழம்பீங்கான் அனுபவங்கள்

ஓசாகாவிலிருந்து:

பழைய பீங்கான் சேர்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்ன வாங்கினீர்கள் என்பதைவிட, யாரிடம் எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதுங்களேன். நானே தொடங்கிவைக்கிறேன்.

கியோட்டோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதாமாதம் 21ஆம் தேதி சந்தை கூடும். கோபோ தாய்ஷி என்று மக்கள் கும்பிடும் கூகாய் துறவி மறைந்த தேதி அது. ஒரு பக்கம் சாமி கும்பிட வந்தவர்கள், இன்னொரு பக்கம் பழைய கிமோனோ, இரும்புக் கெட்டில், மரப்பெட்டி, பீங்கான். நான் நேராகப் போவது சோபா சோக்கோ விற்கிற கடைக்கு. சோபா நூடுல்ஸைத் தோய்த்துச் சாப்பிடும் சாற்றுக்கான சின்னக் கிண்ணம் அது, உள்ளங்கைக்குள் அடங்கும். வெள்ளைப் பீங்கானில் நீலக் கோடுகள். இமாரி என்ற பெயரில் விற்றாலும் செய்யப்பட்டது கியூஷு தீவிலுள்ள அரிதா பகுதியில்தான். இமாரி அது கப்பலேறிய துறைமுகம்.

ஒரு கிண்ணத்தின் ஓவியத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் அதை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தார். அடியில் நடுவில் ஒரு குழி, அதில் பளபளப்பு. குழியைச் சுற்றி மட்டும் மெருகை, அதாவது பீங்கான் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சை, வழித்தெடுத்த ஒரு வளையம். என் விரலைப் பிடித்து அந்த வளையத்தில் வைத்தார். சொரசொரவென்று, லேசான துருநிறத்தில் இருந்தது. சூளைக்குள் கிண்ணத்தைத் தாங்கிய சின்னத் தாங்கி அந்த இடத்தில் நிற்கும். மெருகு இருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் வழித்துவிடுவார்களாம். பாம்புக்கண் அடி என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டுவரை அதிகம் காணப்படுவது. அப்புறம் வெளி விளிம்பைத் தடவச் சொன்னார். பல தலைமுறை தட்டிலும் பலகையிலும் உரசி வழுவழுவென்று ஆகியிருந்தது. பக்கத்திலிருந்த புதுக் கிண்ணத்தின் விளிம்போ விரலைக் கடித்தது. ஓவியத்தைப் பார்த்து எழுதிவிடலாம், இந்தத் தேய்மானத்தை அவ்வளவு எளிதில் கொண்டுவர முடியாது.

கடைசியாகச் சுண்டிக் காட்டினார். நாம் மண்பானை வாங்கும்போது சுண்டுவோமே, அதே மாதிரிதான். நல்லது கணீரென்று நின்று ஒலிக்கும். முடி அளவு விரிசல் இருந்தாலும் சத்தம் செத்துவிடும். அந்த விரிசலுக்கு அங்கே நியூ என்று பெயர். நியூ இருந்தால் விலை சட்டென்று இறங்கும். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அப்படிப்பட்ட கிண்ணம்தான் நல்லது என்பது என் கட்சி.

ஃபுகுவோக்காவிலிருந்து:

அரிதாவுக்கு நீங்கள் ஒருமுறை வந்தே ஆக வேண்டும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை நடக்கும் பீங்கான் திருவிழாவில் கூட்டம் தாங்காது, அதனால் மற்ற நாட்களில் வாருங்கள். ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் கொரியப் படையெடுப்பின்போது கொண்டுவரப்பட்ட குயவர்களில் ஒருவரான யி சாம்பியோங், 1616 வாக்கில் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது அந்த ஊர் வரலாறு. தோசான் கோயிலின் தோரண வாயிலே பீங்கான்தான், 1888இல் செய்தது. கோயில் படிக்கட்டை ரயில் தண்டவாளம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பழைய சூளைச் செங்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களை ஒட்டித் தெருவில் நடப்பதே தனிச் சுகம்.

அங்கே ஒரு கடையில் பெரிய நீலத் தட்டு ஒன்றுக்கு விலை கேட்டேன். அடியில் முள் குத்தியது போலச் சின்னப் புள்ளிகள் இருந்ததால் பழுதோ என்று தயங்கினேன். கடையிலிருந்த அம்மா விலை சொல்லவில்லை. "முதலில் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாங்க" என்று வழி காட்டினார். கியூஷு பீங்கான் அருங்காட்சியகத்தில் சிபாட்டா தம்பதி கொடுத்த 10,000க்கும் மேற்பட்ட அரிதாப் பொருட்கள் உள்ளன. அவற்றைக் கால வரிசையில் வைத்திருப்பதைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. 1300 டிகிரி சூட்டில் பெரிய தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் இருக்க அடியில் சின்னக் கூம்புகளை முட்டுக் கொடுப்பார்கள். அவற்றை உடைத்தெடுத்த தடம்தான் அந்தப் புள்ளிகள். திரும்பி வந்து தட்டை வாங்கினேன். அந்த அம்மாவுக்கு விற்பதைவிட நான் பார்த்துவிட்டு வந்ததில்தான் அதிகச் சந்தோஷம்.

நகோயாவிலிருந்து:

நான் இணைய ஏலத்தில் வாங்கிய ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பழுது இல்லை என்று எழுதியிருந்தார்கள். புற ஊதா டார்ச் அடித்ததும் விளிம்பில் ஒரு பிறை தனியாக ஒளிர்ந்தது. பசை போட்டு மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். மறைத்து விற்பதைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. உடைந்ததை உடைந்தது என்றே காட்டும் கின்ட்சுகி வேலை இருக்கும்போது எதற்கு இந்தப் பூச்சு?

அந்தக் கோபத்தில்தான் ஒரு அரக்குக் கைவினைஞரிடம் கின்ட்சுகி கற்கப் போனேன். உருஷி மரப்பாலில் மாவு குழைத்து ஒட்டுவது, பொடி கலந்து இடுக்கை நிரப்புவது, தேய்ப்பது, சிவப்பு அரக்குக் கோட்டின் மேல் பொன்பொடி தூவுவது என்று வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. உருஷி காய்வதற்கு ஈரம் வேண்டும். ஈரத்துணி வைத்த பெட்டிக்குள்தான் இறுகும். கையில் பட்டால் தடித்து அரிக்கும். நம் ஊர்ச் சேராங்கொட்டை, முந்திரி எல்லாம் அதே குடும்பம், அதனால் கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

ஓசாகாவிலிருந்து:

அருமை. விலை குறைவாகத் தொடங்க நினைப்பவர்கள் மெய்ஜி காலத்து (1868–1912) அச்சுத் தட்டுகளைப் பாருங்கள். துளைத்தாள் வைத்துத் தேய்த்த வடிவங்கள், ஓரத்தில் பூ பாதியில் முறிந்து அடுத்த பூவோடு மோதும். நீலம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். 1870இல் அரிதாவுக்கு வந்த வாக்னர் என்ற ஜெர்மானியர் சொல்லிக்கொடுத்த மேலைநாட்டுக் கோபால்ட் நிறம் அது. எனக்கு அந்த மோதல்கள் ரொம்பப் பிடிக்கும், தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன்.

ஒன்று மட்டும் கவனம். நீலம் மெருகுக்கு அடியில் இருப்பது, கவலையில்லை. மெருகுக்கு மேலே சிவப்பும் பச்சையும் தீட்டிய பழைய தட்டுகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கும். அவற்றில் புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் வைக்க வேண்டாம்.