எட்டாம் வகுப்போடு ஊர்ப் பள்ளியை விட்டு வரும் மகளை ஒன்பதாம் வகுப்புக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி – எட்டாம் வகுப்பு மாணவியின் தந்தை, மேலூர் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் விளைவிக்கும் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து படித்து, இந்த ஏப்ரலோடு எட்டாம் வகுப்பை முடிக்கிறாள். அவள் வகுப்பில் மொத்தம் பதினொரு பேர். அங்கே எட்டுக்கு மேல் வகுப்பு கிடையாது என்பதால், ஜூன் மாதம் அவள் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும்.

பள்ளி வாசல் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதுதான் அங்கே மணி. இந்த ஓராண்டாக அதை அடிக்கும் பொறுப்பு என் மகளுடையது. போன வாரம் அந்த வேலையை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியை சொல்லியிருக்கிறார். எத்தனை அடி அடித்தால் இடைவேளை, எத்தனை அடி அடித்தால் சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தவள், அன்று இரவு சாப்பிடவில்லை. "ஒன்பதாவதுக்கு ஏம்ப்பா இங்கயே ஒரு ரூம் கட்டக் கூடாது?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. இன்னொன்று, வேன் வசதியுள்ள ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளி. என் மைத்துனர், கடன் வாங்கியாவது தனியாரில் சேர்க்க வேண்டும் என்கிறார்.

நானும் அதே ஊர்ப் பள்ளியில் எட்டாவது முடித்தவன்தான். என் மாற்றுச் சான்றிதழை வாங்கி வந்து வீட்டுத் தகரப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெரிய பள்ளிக்கு என்னைக் கூட்டிப்போக அந்தக் கோடையில் ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அந்தச் சான்றிதழ் இன்றும் பெட்டியில்தான் கிடக்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு எப்படியிருக்கும் என்று மகளுக்குச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி 1 – கணிதப் பட்டதாரி ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி

ஐயா, வணக்கம். நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுப்பவன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் சுற்றுவட்டார நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளை முதல் நாளிலேயே என்னால் அடையாளம் காண முடியும். அவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் என்பதால் அன்று. ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் பள்ளியில் படிப்பவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவதால், புதிதாக வருபவர்கள் கடைசிப் பெஞ்சில் ஒதுங்கி, சந்தேகம் இருந்தாலும் எழுந்து கேட்காமல் காலாண்டுத் தேர்வு வரை கழித்துவிடுகிறார்கள் என்பதால்தான். பதினொரு பேர் இருந்த வகுப்பில் ஆசிரியை முகத்தைப் பார்த்தே குழந்தைக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டிருப்பார். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில், எவ்வளவு அக்கறை இருந்தாலும், எங்களால் அது எல்லா நாளும் முடிவதில்லை. கேட்டால் சொல்லிக்கொடுப்போம், கேட்க வேண்டும் என்பதை உங்கள் மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பாடத்தைப் பொறுத்தவரை, ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தின் முதல் இயல் கணமொழி. அதை எல்லாருக்குமே முதலிலிருந்துதான் தொடங்குகிறோம் என்பதால் அதில் பயமில்லை. அடுத்து மெய்யெண்கள், இயற்கணிதம் என்று போகும்போதுதான் பின்னங்களிலும் குறை எண்களிலும் கை தடுமாறுகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். முக்கோணவியல் முதன்முறையாக ஒன்பதில்தான் வருகிறது. அதற்கும் விகிதம் நன்றாகத் தெரிந்திருந்தால் போதும். கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை முன்கூட்டிப் படிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னம், விகிதம், முற்றொருமைகள் ஆகியவற்றில் நாளுக்கு ஐந்து கணக்கு போட்டால் அதுவே பெரிய உதவி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதிலிருந்து ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 35 எடுத்தாக வேண்டும். இதைச் சொல்லிக் குழந்தையை மிரட்டத் தேவையில்லை. ஆனால் காலாண்டில் ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தால், முழு ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்காமல் அந்த வாரமே பள்ளிக்கு வந்து பாட ஆசிரியரைப் பாருங்கள். பெற்றோர் வந்து நிற்பதை நாங்கள் தொந்தரவாக எண்ணுவதில்லை.


மறுமொழி 2 – இரு பிள்ளைகளின் தாய், திண்டுக்கல்

சகோதரருக்கு வணக்கம். தனியார் பள்ளி பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். நல்ல தனியார் பள்ளிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. என் மூத்த மகனை எட்டாவது முடித்ததும் அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, நகரத்தில் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் ஒன்பதில் சேர்த்தோம். மேல்நிலைக்கு அரசுப் பள்ளிக்கே திரும்பிக்கொள்ளலாம், சலுகைகள் எங்கும் போகாது என்று சேர்க்கையின்போது அங்கிருந்தவர் சொன்னதை நம்பினோம். அது தவறு.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அதைக் கேட்க முடியும். நடுவில் இரண்டு ஆண்டு தனியாரில் படித்த என் மகன், பதினொன்றாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்பி, நல்ல மதிப்பெண் எடுத்தும் அந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியவில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது கணக்கில் வருகிறது. உங்கள் மகளுக்கு இதில் ஏற்கெனவே மூன்று ஆண்டுகள் சேர்ந்துவிட்டன. ஒரு வேனுக்காக அவற்றை விட்டுவிடாதீர்கள்.

எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ். தேர்வை அவள் எழுதியிருக்கிறாளா? எழுதித் தேர்வாகிவிட்டால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அதுவும் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தொடர்ந்தால்தான். ஆங்கிலவழிதான் வேண்டும் என்றால் அரசு மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றிலேயே ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறது. ஆனால் எட்டாண்டு தமிழில் படித்த பெண்ணை ஒன்பதில் மாற்றுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழில் படித்த சான்று கேட்கிறார்கள்.


மறுமொழி 3 – நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை

தம்பி, உங்கள் தகரப் பெட்டியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். எங்கள் பள்ளியிலிருந்து போன பிள்ளைகளில் அப்படி எத்தனை சான்றிதழ்கள் எத்தனை பெட்டிகளில் கிடக்கின்றனவோ என்ற எண்ணம் வந்தது. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதில் சேரும் வரையிலான அந்த இரண்டு மாதம்தான், இத்தனை ஆண்டு அனுபவத்தில், பிள்ளைகளை நாங்கள் இழக்கும் காலம். ஒருவன் செங்கல் சூளைக்குப் போவான். ஒருத்தியைச் சின்னம்மா வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்புவார்கள். பிறகு ஜூன் வரும், போகும். இப்போது மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளையின் பெயர், பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். நாங்கள் காமன் பூல் என்போம். வேறொரு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை பெயர் அங்கேயே நிற்கும். ஜூன் மாதம் முழுதும் நான் அந்தப் பட்டியலைத் திறந்து, இன்னும் நிற்கிற பெயர்களுக்குரிய வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசுவேன். எடுக்காவிட்டால் நேரில் போவேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மகளின் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை ஆதாருடனும் பிறப்புச் சான்றுடனும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இவைதான் ஏறும். அதன் பிறகு திருத்துவதற்குப் படும் அலைச்சல் கொஞ்சநஞ்சமன்று.

செலவில் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கிடைத்த நான்கு இணைச் சீருடை, ஒன்பதிலிருந்து கிடைக்காது. நீங்கள்தான் துணி எடுத்துத் தைக்க வேண்டும். வளரும் பெண் என்பதால் ஓரத்தில் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிரித்துவிடலாம். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் தருவார்கள் என்பதால், அதுவரை பேருந்துதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உங்கள் ஊருக்கு அந்தப் பேருந்து எந்நேரம் வருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் ஊர்ப் பள்ளியிடம் விடைபெறுவதைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எட்டாம் வகுப்புக்குப் பிரிவு உபசாரம் நடத்துவார்கள். கேசரியும் காராச்சேவும் தருவார்கள். எட்டாம் வகுப்பினர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கித் தந்துவிட்டுப் போவார்கள்; இப்போது எங்களிடம் அறைகளைவிடக் கடிகாரங்கள் அதிகம், ஒன்றையும் நான் கழற்றவில்லை. அன்று பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும். "இதுக்குப் போய் அழுவாங்களா" என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எட்டாண்டு என்பது அறிவு தெரிந்த நாள் முழுதும்.


மறுமொழி 4 – கல்லூரி மாணவி, விருதுநகர்

ஐயா, நானும் ஒன்பதில் பெரிய பள்ளிக்கு மாறியவள். என் வகுப்பிலிருந்து நான்கு பெண்கள் ஒரே பள்ளியில் சேர்ந்தோம். நான்கு பேரையும் நான்கு பிரிவுகளில் போட்டுவிட்டார்கள். ஊர்ப் பள்ளியில் என்னை வீட்டுப் பெயரிட்டுத்தான் ஆசிரியை கூப்பிடுவார். இங்கே வருகைப் பதிவின்போது முழுப் பெயரைப் படித்ததும், அது நான்தான் என்று எனக்கே உடனே உறைக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். கழிவறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு முதல் நாள் மாலை வரை தண்ணீரே குடிக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயங்கள்தான் அந்த வயதில் பெரிய பயம். சேர்க்கைக்குப் போகும் நாளில் மகளையும் அழைத்துச் சென்று வகுப்பறை, கழிவறை, தண்ணீர்க் குழாய், பேருந்து நிற்கும் இடம் ஆகிய நான்கையும் காட்டிவிடுங்கள்.

பிரிவு ஒதுக்குவதற்கு முன்பே, ஊர்த் தோழி ஒருத்தியையாவது அதே பிரிவில் போடும்படி கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்கவில்லை; அடுத்த ஊர்ப் பெண்ணின் அம்மா கேட்டார், கொடுத்தார்கள்.

எனக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் அந்தப் பள்ளி என் பள்ளி ஆனது. தேசிய மாணவர் படையில் சேர்ந்தேன். ஊர்ப் பள்ளியில் அது கிடையாது. சனிக்கிழமை அணிவகுப்பில் எனக்குக் கிடைத்த தோழிகள்தான் இன்றும் உடன் இருக்கிறார்கள். மணி அடித்துப் பழகிய தங்கைக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிறது.


கேள்வி கேட்டவரின் மறுமொழி – பத்து நாட்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. அரசு மகளிர் பள்ளி என்று முடிவு செய்துவிட்டோம். திண்டுக்கல் சகோதரி எழுதியதை மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மகள் என்.எம்.எம்.எஸ். எழுதியிருக்கிறாள், முடிவு வர வேண்டும்.

போன வியாழக்கிழமை நானும் அவளும் காலை 7.50 பேருந்தில் ஏறி அந்தப் பள்ளி வரை போய்வந்தோம். வாசலில் இருந்த காவலாளி உள்ளே விட்டார். அவள் நான்கு இடங்களையும் பார்த்தாள். ஐந்தாவதாக மணி எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டாள். மின்சார மணி, அலுவலகத்திலிருந்து அழுத்துவார்கள் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேசினாள். அழவில்லை.

எமிஸ் பதிவில் என் முன்னெழுத்து தவறாக இருந்ததை அம்மையார் சொன்ன பிறகுதான் பார்த்தேன், தலைமையாசிரியர் திருத்திக்கொண்டிருக்கிறார். மாற்றுச் சான்றிதழ் வருகிற வாரம் கிடைத்துவிடும் என்றார். வாங்கிய கையோடு, வீட்டுக்குக்கூட வராமல், அங்கிருந்தே பேருந்து ஏறுவதாக இருக்கிறோம்.