மழையில் நனைந்த மான்தோல் சட்டை அட்டைபோல் விறைத்துவிட்டது, ஏன்?

கேள்வி (தோல்பித்தன்):
வட அமெரிக்கப் பழங்குடிகள் முறைப்படி விலங்கு மூளையைத் தேய்த்துப் பதனிட்ட பக்ஸ்கின் சட்டை இது. வெள்ளை நிறம். ஒரே மழையில் நனைந்து காய்ந்தது, இப்போது மடக்கவே முடியவில்லை. எண்ணெய் தடவலாமா?

பதில் (ஊசிக்கண்):
வெள்ளையாக இருக்கிறது என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். புகை காட்டாத தோல் அது. மூளைக்கொழுப்பு நார்களை ஒட்டாமல் பிரித்து வைக்கும், ஆனால் நிலைநிறுத்தாது. நனைந்து காயும்போது நார்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். புகையிலுள்ள ஆல்டிஹைடுகள் என்னும் வேதிப்பொருள்கள்தான் நார்களைப் பிணைத்து, ஈரத்துக்குப் பிறகும் மென்மையைக் காக்கின்றன.

எண்ணெய் வேண்டாம். தோல் கறுக்கும், அழுக்கு ஒட்டும், காற்றுப் புகாது. ஈரத்துண்டில் சுற்றி ஓரிரவு வைத்து, மறுநாள் எல்லாத் திசையிலும் இழுத்துக்கொண்டே காயவிடுங்கள். தடித்த கயிற்றில் முன்னும் பின்னும் உரசினால் சீக்கிரம் இளகும். தொட்டால் கொஞ்சம் குளிர்ச்சி தெரிகிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் மறுபடி விறைக்கும்.

பதில் (கரிப்புகை):
பிறகு புகை. தோல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோல் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே சுருண்டு பாழாகிவிடும். கழுத்தையும் கைகளையும் கட்டிவிட்டு, சட்டையின் கீழ்விளிம்பில் பருத்தித்துணியைப் பாவாடைபோல் தைத்துத் தொங்கவிடுங்கள். அடியில் தணல், அதன்மேல் உளுத்த மரத்தூள். கொழுந்து எழுந்தால் உடனே அமுக்குங்கள். உட்பக்கம் போட்ட புகையின் நிறம் வெளியே எட்டிப் பார்த்ததும் சட்டையைத் திருப்பிப் போடலாம். பக்கத்திலேயே நில்லுங்கள், தேநீர் குடிக்கப் போனால் சட்டை போச்சு.

வெள்ளை நிறம் போய்விடும், வேறு வழியில்லை. வெள்ளைதான் வேண்டுமென்றால் மழையில் போடாதீர்கள்.

கேள்வி (தோல்பித்தன்):
நன்றி. புகைபோட்டால் மழை தாங்குமா? துவைக்கலாமா?

பதில் (ஊசிக்கண்):
மழை தாங்காது. தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், உடம்போடு ஒட்டிக் குளிரும், நீளமாகத் தொங்கும். காய்ந்தபின் மென்மை திரும்பும் என்பதுதான் லாபம். ராக்கி மலைத் தொடரில் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கைப் பிடித்தவர்கள் ஓடையில் இறங்க வேண்டியிருந்ததால், தோல் கால்சட்டையின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியைக் கம்பளித்துணியாக மாற்றிக்கொண்டது அதனால்தான்.

வெதுவெதுப்பான நீர், மென்சோப்பு, கையால் அமுக்கித் துவைத்தல். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றுங்கள். நிழலில், அடிக்கடி இழுத்துவிட்டுக் காயவையுங்கள். முழங்கை புடைத்துத் தொங்கினால் ஈரத்தோடு நீளவாக்கில் இழுத்தால் சரியாகும். பலமுறை துவைத்தபின் நிறம் வெளுத்தால் மறுபடி புகை போடுங்கள்.