மறு: சஸ்பென்ஷன் ஃபோர்க் – 'டிராவல்' பயணம் அல்ல, அமுங்குதூரம்

அனைவருக்கும் வணக்கம். சைக்கிள் உறுப்புகளுக்கான நம் தமிழ்ச்சொல் பட்டியலில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பற்றி வந்த முன்மொழிவுக்கு இது பதில்:

> ஃபோர்க் = கவை. டிராவல் = பயணம் அல்லது அமுக்கம். முடித்துவிடலாமா?

கவைக்கு என் முழு ஆதரவு. இங்கே மண்டபம் ஊர்ப் பக்கம் வேலிக்கருவை வெட்டுகிறவர்கள் கவைக்கம்பால் முள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அரிவாளைப் போடுகிறார்கள். சொல் புழக்கத்தில் இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்வோம். சஸ்பென்ஷன் உள்ளது அமுங்குகவை, இல்லாதது விறைப்புக்கவை.

ஆனால் ஐயா, 'பயணம்' வேண்டாம். கவை எங்கும் போவதில்லை. அதன் கால்கள் எவ்வளவு உள்ளே போகும் என்பதுதான் அந்த அளவு. 'அமுக்கம்' இன்னும் சிக்கல். இலங்கைத் தமிழில் அது காற்றழுத்தத்தைக் குறிக்கும். காற்று அடைத்த கவையில் 'அமுக்கத்தைக் கூட்டு' என்றால் பம்பைத்தான் எடுப்பார்கள். 'அமுங்குதூரம்' என்றால் குழப்பமே இல்லை. ஆள் ஏறி உட்கார்ந்ததும் கொஞ்சம் இறங்குமே, அந்த 'சாக்' என்பதைப் பாரத்தாழ்வு என்போம். 120 மி.மீ. அமுங்குதூரத்தில் பாரத்தாழ்வு 25 முதல் 30 சதவீதம் என்றால் 30 முதல் 36 மி.மீ.

நம் தங்கச்சிமடத்துத் தம்பி கேட்டதை வைத்தே இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். அவரிடம் இருப்பது 100 மி.மீ. கவைக்கென்று செய்த பழைய சட்டம் (ஃபிரேம்), 26 அங்குலச் சக்கரம். பனங்காட்டு மணல்தடத்துக்கு 140 போடலாமா என்கிறார். தம்பி, அமுங்குதூரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சக்கர அச்சின் மையத்திலிருந்து, கவையின் தலையில் கீழ்த்தாங்கி வளையம் உட்காரும் மட்டம் வரை உள்ள நீளத்தைப் பாருங்கள். அதற்குக் 'கவை உயரம்' என்று பெயர் வைப்போம். அது 40 மி.மீ. கூடினால் முன்பக்கம் தூக்கி, தலைக்கோணம் (சட்டத்தின் முன்முனையில் உள்ள தலைக்குழல் தரையோடு செய்யும் கோணம்) ஏறக்குறைய 2 பாகை சாயும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் அலையும். மணலில் அது பெரிய தொல்லை. தலைக்குழலுக்கும் கூடுதல் பளு. ஒரே அமுங்குதூரம் இருந்தாலும் 29 அங்குலக் கவை 26ஐ விட உயரம், அதனால் இரண்டு சொல்லும் தனித்தனியாக வேண்டும்.

அடுத்தது கழுத்துக்குழல், அதாவது கவையின் மேலே நீண்டு தலைக்குழலுக்குள் நுழையும் குழல். முழுக்க 28.6 மி.மீ. விட்டம் இருந்தால் நேர்கழுத்து. அடியில் ஒன்றரை அங்குலமாகப் பெருத்தால், பட்டியலில் உள்ள 'கூம்புக்கழுத்து' என்பதை விட 'அடிபெருத்த கழுத்து' தெளிவு. பனையின் அடிமரம் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 34 மி.மீ. துளையுள்ள பழைய தலைக்குழலில் அடிபெருத்த கழுத்து நுழையாது. நேர்கழுத்தை அகலத் தலைக்குழலில் போட மட்டும் மாற்றுக்கிண்ணம் கிடைக்கும். தம்பியின் சட்டம் 34 மி.மீ. வகை, ஆகவே நேர்கழுத்துதான்.

அச்சு (விட்டம் × அகலம், மி.மீ.): 15×100, 15×110 ('பூஸ்ட்') இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. இரண்டாவது எண்ணுக்கு 'அச்சகலம்' போதும், பூஸ்டை அப்படியே விடலாம். கவையில் பிரேக் பொருத்தும் இடத்தையும் டிஸ்க் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கால்களின் மேல்வாயில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு 'துடைப்பு வளையம்' என்று சேர்க்க வேண்டுகிறேன். தனுஷ்கோடிப் பொடிமணலும் உப்புக்காற்றும் முதலில் தின்பது அதைத்தான். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்தால் கவை நாள்படும்.

'ஆஃப்செட்' மட்டும் பாக்கி. சக்கர அச்சு கழுத்துக்குழலின் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு முன்னே இருக்கிறது என்று 44, 51 மி.மீ. என வரும் அந்த அளவுக்கு 'முன்தள்ளல்' சரியா? சட்டம் பற்றவைக்கிற யாராவது சொல்லுங்கள்.